கூல் மாளிகையின் கிரகரி அம்மையார்

இலங்கையின் மலைநாட்டில், நுவரெலியா நகரை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. அதற்குக் கிரகரி ஏரி என்று பெயர். அந்த ஏரிக்கு அப்பால் இருந்த தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர் என் பாட்டி. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி – சிரிமாவோ ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களுள் அவரும் ஒருவர். திரும்பி வந்து நீலகிரியில் மறுபடியும் அதே கூடையை முதுகில் மாட்டினார். ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'கெரகெரி லேக்' என்பார். யார் அந்தக் கெரகெரி என்று நான் கேட்டதும் இல்லை. அவருக்குத் தெரிந்ததும் இல்லை.

கல்லூரிக்கு வந்த பிறகு, ஆங்கிலத் தாளில் ஓரங்க நாடகம் ஒன்று படித்தேன். 'நிலவு எழுகிறது' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். துறைமுகப் படிக்கட்டில் காவல் நிற்கும் போலீஸ் சார்ஜெண்டு. தப்பியோடிய அரசியல் கைதி. அவன் தலைக்கு நூறு பவுன் பரிசு. கடைசியில் சார்ஜெண்டு அவனைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறார். எழுதியவர் பெயர் லேடி கிரகரி. எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று நூலகத்தில் தேடினேன். வேதியியல் படிக்கிற பிள்ளைக்கு நாடக அலமாரியில் என்ன வேலை என்று நூலகர் ஐயா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. தேடியதில் கிடைத்தது வியப்பான செய்தி. ஏரிக்குப் பெயர் தந்த கிரகரி, இலங்கையை ஆண்ட பிரித்தானிய ஆளுநர். நாடகம் எழுதிய கிரகரி அவருடைய மனைவி!

அந்த அம்மையாரின் வாழ்க்கையைத்தான் இங்கே எழுத வந்தேன். அவர் ஏறத்தாழ நாற்பது நாடகங்கள் எழுதியவர். ஆனால் என்னை ஈர்த்தது அதுவன்று. பிறர் நாடகம் எழுத அவர் பட்ட பாடுதான் என்னை ஈர்த்தது.

அகஸ்டா பெர்ஸ், 1852ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள், அயர்லாந்தின் மேற்கே கால்வே மாவட்டத்தில் ராக்ஸ்பரோ என்னும் பண்ணை மாளிகையில் பிறந்தார். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் உடைய குடும்பம், பிள்ளைகள் பலர். பெண்களில் இவரே கடைக்குட்டி. குடிகள் கத்தோலிக்கர், இவர்களோ புராட்டஸ்டண்டு நிலக்கிழார்கள். குடிகளின் தாய்மொழியான ஐரிஷ் மொழி மாளிகைக்குள் நுழைந்ததில்லை. நுழைந்த ஒரே வழி, மேரி ஷெரிடன் என்ற தாதி. பழைய கலகக் கதைகளை அந்தத் தாதி சொல்லக் கேட்டு வளர்ந்தார் அகஸ்டா. எழுத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடினால், பெரும்பாலும் சமையலறைப் பக்கம்தான் போய் நிற்கிறது.

1880இல், 27ஆம் வயதில், பக்கத்துப் பண்ணையான கூல் மாளிகையின் உரிமையாளர் சர் வில்லியம் கிரகரியை மணந்தார். மணமகனுக்கு வயது 63. இலங்கை ஆளுநராக 1872 முதல் 1877 வரை இருந்து ஓய்வு பெற்றவர். கொழும்பு அருங்காட்சியகம் அவர் காலத்தில் எழுந்தது. அதன் முன்னால் இன்றும் அவர் சிலை நிற்கிறது. கணவரோடு அம்மையார் இத்தாலி, எகிப்து, இந்தியா, இலங்கை என்று சுற்றினார். 1881இல் ராபர்ட் என்ற ஒரே மகன் பிறந்தான். 1892இல் கணவர் இறந்தார். அன்று உடுத்த கறுப்பு உடையை அம்மையார் சாகும் வரை மாற்றவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போனால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். கூல் பண்ணை வந்த வழி என்ன? ராபர்ட் கிரகரி என்ற மூதாதையர் கிழக்கிந்தியக் கம்பெனியில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு 1768இல் வாங்கிய நிலம் அது. அதாவது நம் நாட்டுப் பணம். சர் வில்லியத்தின் கணக்கு இன்னும் மோசம். 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும் பஞ்சம் வந்தது. பத்து இலட்சம் பேர் அளவில் மாண்டனர். அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இளைஞர் வில்லியம் கிரகரி, 1847இல் ஏழைகள் நிவாரணச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு அரசு உதவி கிடையாது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தைக் கைவிட வேண்டும். கால் ஏக்கர் என்றால் நம் கணக்கில் 25 சென்ட். அந்த 25 சென்ட்டுக்காக எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. கிரகரி விதி என்று அதை இன்றும் அயர்லாந்தில் கசப்போடு நினைக்கிறார்கள். நிலமில்லாத வீட்டிலிருந்து வந்த எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிடத் தோன்றியது. மூடாமல் இருந்ததற்குக் காரணம், அம்மையார் அடுத்துச் செய்த செயல்.

கணவர் மறைந்த பின், நாற்பது வயதில், அவர் ஐரிஷ் மொழி கற்கத் தொடங்கினார். 1893இல் அரான் தீவுகளுக்குச் சென்றார். குடிசைகளுக்கும், கார்ட் என்னும் சிற்றூரில் இருந்த ஏழையர் விடுதிக்கும் நடந்தே போனார். பிச்சைக்காரர், கிழவர், கல்லுடைப்போர் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதினார். அந்த மக்கள் ஆங்கிலம் பேசினாலும் வாக்கியத்தின் எலும்பு ஐரிஷாக இருக்கும். கில்டார்டன் என்ற அவ்வூர்ப் பேச்சையே எழுத்து நடையாக்கிப் பழைய வீர காவியங்களை 1902இல் வெளியிட்டார். படித்தவர்கள் கேலிக்கு மட்டும் பயன்படுத்திய கொச்சைப் பேச்சு அது. கரிசல் காட்டுப் பேச்சை நம் கி.ரா. எழுத்தில் ஏற்றியது நினைவுக்கு வரவில்லையா?

இனி நாடகத்துக்கு வருவோம். 1897ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு மழை நாள். கடலோரத்தில் டூரஸ் என்ற வீட்டில் அம்மையாரும், கவிஞர் யேட்ஸும், பண்ணையார் எட்வர்ட் மார்ட்டினும் பேசிக்கொண்டிருந்தார்கள். மார்ட்டின் நாடகம் எழுதி வைத்திருந்தார். யேட்ஸும் எழுதி வைத்திருந்தார். மேடை இல்லை. டப்ளின் நகரில் அன்று இருந்த கொட்டகைகள் எல்லாம் இலண்டனிலிருந்து வரும் குழுக்களுக்கு வாடகை விடுபவை. அயர்லாந்துக்காரன் மேடையில் தோன்றினால் அவன் குடிகாரக் கோமாளியாகத்தான் இருப்பான். அந்த மழை ஓய்வதற்குள் ஐரிஷ் நாடக அரங்கு ஒன்று தொடங்குவது என்று முடிவாயிற்று. முதல் 25 பவுன் தருவதாகச் சொன்னவர் அம்மையார். பிறகு தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்து, தெரிந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பினார். உரிமம் பெற்ற கொட்டகைகளில் மட்டுமே நாடகம் நடத்தலாம் என்று சட்டம் தடுத்தது. சட்டத்தைத் திருத்தச் செய்து, 1899 மே மாதம் முதல் நாடகங்களை மேடையேற்றினார்கள்.

யேட்ஸ் அப்போது நோயும் கடனுமாக இருந்தார். அம்மையார் அவரைக் கூல் மாளிகைக்கு அழைத்துவந்து, ஓர் அறை கொடுத்து, நேரத்துக்குச் சூப்பு அனுப்பி, பகலில் குடிசைகளுக்குக் கதை சேகரிக்கக் கூட்டிச் சென்று, மாலையில் அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து கொடுத்தார். செலவுக்குக் கொடுத்த பணம் சேர்ந்து 500 பவுன் ஆயிற்று. பிற்காலத்தில் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றிய வருவாயிலிருந்து யேட்ஸ் அதைத் திருப்பித் தந்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கவிஞருக்கு அந்நாளில் வேண்டியிருந்தது ஒரு மேசையும் வேளைச் சோறும்தான்.

டக்ளஸ் ஹைட் என்ற அறிஞரின் கதை இன்னும் சுவையானது. அவர் ஐரிஷ் மொழிப் பற்றாளர். நாடகம் எழுதிப் பழக்கமில்லாதவர். 1900ஆம் ஆண்டு அவர் கூல் மாளிகையில் தங்கியிருந்தபோது, யேட்ஸ் தந்த கதைச் சுருக்கத்தை அவர் கையில் கொடுத்து எழுத உட்கார வைத்தார்கள். சில நாளில் நாடகம் பிறந்தது. 1901 அக்டோபரில் டப்ளினில் அது நடந்தபோது, அந்நகரின் பெரிய கொட்டகையொன்றில் முதன்முதலாக ஐரிஷ் மொழி ஒலித்தது. அதில் நாயகனாக நடித்தவரும் ஹைட்தான். 1938இல் அவர் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார்.

1904 டிசம்பர் 27ஆம் நாள், டப்ளினின் அபே தெருவில் 562 இருக்கைகளோடு சொந்த அரங்கு திறந்தது. கட்டடத்துக்குப் பணம் தந்தவர் ஹார்னிமன் என்ற ஆங்கிலேயச் சீமாட்டி. தேயிலை வாணிகத்தில் வந்த செல்வம் அது. பாட்டிக்கு இதைச் சொன்னபோது, எந்தத் தோட்டத்துக் கொழுந்தோ என்று சிரித்தார். ஹார்னிமன் அயர்லாந்தில் குடியிருப்பவர் அல்லர் என்பதால் அரச உரிமப் பட்டயம் கிரகரி அம்மையார் பெயரில் வந்தது. யேட்ஸ், கிரகரி, நாடகாசிரியர் சிங் ஆகிய மூவரும் இயக்குநர்கள் ஆனார்கள்.

யேட்ஸின் செய்யுள் நாடகங்கள் ஆழமானவை. ஆனால் தொடர்ந்து இரண்டு மணி நேரம் கேட்டால் களைப்புத் தட்டும். இடையே சிரிக்க ஏதாவது வேண்டும் என்று, ஐம்பது வயதைத் தாண்டிய பின், தாமே சிறு நகைச்சுவை நாடகங்கள் எழுதத் தொடங்கினார் அம்மையார். 'செய்தி பரவுகிறது' அரங்கின் திறப்பு நாளிலேயே நடந்தது. சந்தையில் ஒருவன் மறந்துவைத்த வைக்கோல் வாரியை எடுத்துக்கொண்டு இன்னொருவன் பின்னால் ஓடுகிறான். அது வாய்க்கு வாய் மாறிக் கொலைச் செய்தியாகி, கடைசியில் போலீசு வந்து நிற்கிறது. இடைவேளையை நிரப்ப எழுதியதாகச் சொல்லப்படுபவைதான் உலகெங்கும் கல்லூரி மேடைகளில் நிலைத்திருக்கின்றன.

ஜே. எம். சிங் 1898இல் கூல் மாளிகைக்கு முதன்முதலாக வந்தார். யேட்ஸின் அறிவுரைப்படி அரான் தீவுகளில் வாழ்ந்து, மீனவரின் பேச்சைக் கேட்டுக் கற்றவர். அம்மையாரின் கில்டார்டன் நடை தமக்கு வழி காட்டியதை ஒப்புக்கொண்டவர். அவருடைய 'மேற்குலகின் விளையாட்டு வீரன்' 1907 சனவரி 26இல் மேடையேறியது. தந்தையைக் கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவனை ஊர்ப் பெண்கள் வீரனாகக் கொண்டாடும் கதை. பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல் வந்தவுடன் அரங்கில் கூச்சல். ஐரிஷ் பெண்களை இழிவுபடுத்துகிறார்கள் என்று வாரம் முழுவதும் கலவரம். நடிகர்கள் வாயசைப்பதுதான் தெரிந்ததாம்.

நாடகத்தை நிறுத்த அம்மையார் மறுத்துவிட்டார். திட்டமிட்ட வாரம் முழுவதும் நடந்தே தீரும் என்றார். ஒரு தவறும் செய்தார். பாதுகாப்புக்காகக் கல்லூரியில் படித்த தம் உறவுப் பையனிடம் சொல்லி வாட்டசாட்டமான மாணவர்கள் சிலரை அழைத்துவரச் செய்தார். அந்தப் பிள்ளைகள் ஆங்கில அரசரை வாழ்த்தும் பாட்டைப் பாடி, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்கள்! மாணவர்களைக் காவலுக்கு அழைத்தால் என்ன நடக்கும் என்பது எந்த நாட்டுக்கும் பொது போலும்.

என்னை நிற்க வைத்த செய்தி வேறு. அந்த நாடகம் அம்மையாருக்கே பிடிக்கவில்லை. அதில் உள்ள முரட்டுச் சொற்கள் அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. ஆயினும் 1911இல் குழு அமெரிக்கா சென்றபோது, 59 வயதில் உடன் சென்று, ஊர் ஊராக அதற்காகவே வாதாடினார். நியூயார்க்கில் மேடைமேல் உருளைக்கிழங்குகள் பறந்தன. கூச்சலில் கேட்காமல் போன முதல் அங்கத்தை மீண்டும் முதலிலிருந்து நடிக்கச் செய்தார்கள். மறுநாள் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிக்காகோவில் சவப்பெட்டிப் படம் வரைந்த கொலை மிரட்டல் கடிதம் வந்தது. பிலடெல்பியாவில் 1912 சனவரியில் நடிகர்கள் அனைவரையும் கைது செய்தார்கள், வழக்கு தள்ளுபடியாயிற்று. தமக்குப் பிடித்த எழுத்துக்காகப் போராட யாருக்கும் முடியும். சிங் அப்போது உயிரோடும் இல்லை. 1909இலேயே, 37 வயதில், நோயால் இறந்துவிட்டார். நன்றி சொல்லக்கூட ஆள் இல்லாத இடத்தில் அந்த அம்மையார் நின்றிருக்கிறார்.

அரங்குக்கு நாடகங்கள் தபாலில் வந்து குவிந்தன. எழுத்தர்கள், ஆசிரியர்கள், கூலித் தொழிலாளர்கள் எல்லாரும் எழுதி அனுப்பினார்கள். அவற்றைப் படிப்பதே ஒரு வேலை. கார்ட் ஊரிலிருந்து டப்ளினுக்கு ரயிலில் வரும்போது அம்மையார் நடிகர்களுக்காகப் பெரிய பழக் கேக்கு ஒன்று கொண்டுவருவார். அதை ஒப்பனை அறையில் வெட்டிப் பங்கிடுவார்கள். நாடகாசிரியர்களுக்கு அரங்கின் அறிவுரை என்று ஓர் அச்சிட்ட தாளும் இருந்தது. எழுதுகிறவன் தான் கண்டதையும் பட்டதையும் எழுதவேண்டும், மேடையில் எடுபடும் என்று காதல் காட்சிகளைச் செருகவேண்டாம், பிரசாரத்துக்காக எழுதவேண்டாம், மனித உள்ளங்கள் ஒன்றோடொன்று மோதும் இடமே நாடகம் – அந்தத் தாளின் கருத்து இது. திருத்தினால் தேறும் என்று தோன்றிய படிகள் குறிப்புகளோடு திரும்பிப் போகும்.

சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். சென்ற ஆண்டு நானும் ஒரு நாடகம் எழுதினேன். தோட்டத்து லயத்தில் ஓர் இரவு நடப்பது. நாற்பது பக்க நோட்டு. வெளியூரில் நாடகம் போடும் ஒருவரிடம் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து நோட்டு திரும்பியது. அட்டையில் தேநீர்க் கோப்பையின் வட்டம் இருந்தது. உள்ளே ஒரு கீறலும் இல்லை. நன்றாக இல்லை என்று எழுதியிருந்தால்கூட எங்கே என்று தேடியிருப்பேன். ஆகவேதான் ஷான் ஓகேசியின் கதையைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓகேசி டப்ளின் நகரத்து ஏழைக் குடியில் 1880இல் பிறந்தவர். தந்தை சிறு வயதிலேயே இறந்தார். கண்நோயால் பள்ளிப் படிப்பு நிலைக்கவில்லை. ரயில்வேயில் மண்வெட்டி பிடித்த கூலி. நாற்பதை நெருங்கும் வயதில் அபே அரங்குக்கு நாடகம் அனுப்பத் தொடங்கினார். ஒன்று திரும்பியது. இன்னொன்று திரும்பியது. மூன்றாவதில் தொழிலாளர் அரசியல் நிறைந்திருந்தது. குறையுள்ளதுதான், ஆனாலும் மேடையேற்றினால் எழுதியவர் தம் குறையைத் தாமே கண்ணால் பார்த்துக்கொள்வாரே என்று அம்மையார் எண்ணினார். யேட்ஸ் ஒப்பவில்லை. அதுவும் திரும்பியது. ஆனால் அரங்கின் மாடி அலுவலகத்தில் ஓகேசியை நேரில் கண்டபோது அம்மையார் ஒன்று சொன்னார். அவருடைய திறமை பாத்திரப் படைப்பில் இருக்கிறது என்றார். அவ்வளவுதான்.

1923 ஏப்ரலில் 'துப்பாக்கிக்காரனின் நிழல்' மேடையேறியது. சில நாள் மட்டுமே நடந்தது. ஆனால் கூட்டம் வாசலை மொய்த்தது. அந்தக் கூட்டம் உள்ளே நுழைவதைப் பார்க்கட்டும் என்று, நாடகம் தொடங்குமுன் ஓகேசியைக் கையோடு வாசலுக்கு அழைத்துவந்து தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார் 71 வயது அம்மையார். மறு ஆண்டு மார்ச்சில் 'ஜூனோவும் மயிலும்'. அரங்கம் நிரம்பி வழிந்தது. அன்று ஓகேசி அம்மையாரிடம் சொன்னாராம்: பாத்திரப் படைப்பே தம் திறமை என்று அவர் சொன்னபோது நின்ற இடத்தைக்கூட இப்போதும் தம்மால் காட்டமுடியும் என்று, அதைக் கேட்டபின் கொள்கைகளையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு மனிதர்களை எழுதியதாகவும், அதன் பயனே இந்த நாடகம் என்றும். பிறகு கூல் மாளிகைக்கு விருந்தாளியாகச் சென்றார் அந்தக் கூலித் தொழிலாளி. அங்கே தோட்டத்தில் செம்பு நிற இலைகளையுடைய பீச் மரம் ஒன்று உண்டு. வந்து தங்கும் கலைஞர்களை அதில் பெயரின் முதலெழுத்தைச் செதுக்கச் சொல்வது அம்மையாரின் வழக்கம். யேட்ஸ், சிங், ஷா, ஹைட் ஆகியோரின் எழுத்துகளோடு ஓகேசியின் எழுத்தும் ஏறியது.

இடையில் அம்மையாரின் வீட்டில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலைப்பொருள் சேகரித்த அக்காள் மகன் ஹியூ லேன், 1915இல் லூசிட்டானியா கப்பலோடு மூழ்கினார். அவர் டப்ளினுக்கென்று எழுதி, சாட்சிக் கையெழுத்து இல்லாமல் போன ஓர் ஏட்டுக்காக, 39 ஓவியங்களை இலண்டனிடமிருந்து மீட்க அம்மையார் சாகும் வரை போராடினார், கிட்டவில்லை. ஒரே மகன் ராபர்ட் விமானியாகி, 1918 சனவரி 23இல் இத்தாலியில் விழுந்து இறந்தார். மறு ஆண்டு மார்ச்சில், அபே அரங்கில் நடிகை ஒருவர் இல்லாமல் போகவே, 67 வயதில் தாமே வேடமிட்டு மேடையேறினார் அம்மையார். 1922இல் நிலத்தகராறில் குடியானவன் ஒருவன் மிரட்டியபோது, தாம் ஒவ்வொரு மாலையும் விளக்கேற்றித் திரை விலக்கி எழுத உட்காரும் சன்னலை அவனுக்குக் காட்டினாராம். மார்பகப் புற்றுநோய்க்கு 1923 முதல் மூன்று முறை அறுவை நடந்தது. 1927இல் பண்ணை அரசின் வனத்துறைக்கு விற்கப்பட்டது. சொந்த வீட்டிலேயே ஆண்டுக்கு 100 பவுன் வாடகை கொடுத்து வாழ்ந்தார். குடிகளின் 25 சென்ட்டை வாங்கிய குடும்பத்துக்கு வந்த நிலை இது. மகிழவும் மனம் வரவில்லை.

1925இல் அயர்லாந்து அரசு அபே அரங்குக்கு ஆண்டுக்கு 850 பவுன் மானியம் தந்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அரசு மானியம் பெற்ற முதல் அரங்கு அது. அரசு அமர்த்திய இயக்குநர் ஒருவர், ஓகேசியின் 'ஏரும் விண்மீன்களும்' நாடகத்தில் சில பகுதிகளை நீக்கச் சொன்னார். மானியமா, உரிமையா என்றால் உரிமைதான் என்று அம்மையார் உறுதியாக நின்றார். 1926 பிப்ரவரியில் அது மேடையேறி, மீண்டும் கலவரம் நடந்தது. மீண்டும் நாடகம் நிற்கவில்லை.

இத்தனை செய்தவர் ஒரு முறை தவறினார்.

1928இல், இலண்டனில் குடியேறிவிட்ட ஓகேசி, 'வெள்ளிக் கோப்பை' என்ற நாடகத்தை அனுப்பினார். உலகப் போரில் கால்கள் செயலிழந்த பந்தாட்ட வீரனின் கதை. இரண்டாம் அங்கம் வழக்கமான நாடகம் போல் இல்லை. போர்முனையில் வழிபாடு போல அமைந்தது. யேட்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஓகேசி தாம் காணாத போரை எழுதிவிட்டார் என்று கடுமையாகக் கடிதம் எழுதினார். அம்மையாரும் நாடகத்தை ஏற்கவில்லை. அதுமட்டுமன்று, யேட்ஸின் கடிதத்தை அப்படியே ஓகேசிக்கு அனுப்பிவைத்தார். உண்மையை மறைக்காமல் சொல்வதே நண்பருக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணியிருப்பார். ஓகேசி கொதித்தார், கடிதங்களைப் பத்திரிகையில் வெளியிட்டார். உறவு அறுந்தது.

புலியாட்டம் போல் நின்று சிங்கைக் காத்தவர், தமக்குப் பிடிக்காத நாடகத்துக்காக நியூயார்க்கில் உருளைக்கிழங்கு எறி பட்டவர், இந்த ஒரு நாடகத்துக்கு மட்டும் ஏன் அந்த வாய்ப்பைத் தரவில்லை? வயது 76, உடலில் நோய், யேட்ஸின் தீர்ப்புமேல் இருந்த பழைய மதிப்பு. காரணங்கள் எத்தனை சொன்னாலும் எனக்கு நிறைவு உண்டாகவில்லை. எழுதியவர் பார்த்துத் திருந்தட்டும் என்று முன்பு நினைத்த அதே மனம்தானே?

1929 அக்டோபரில் அந்நாடகம் இலண்டனில் நடந்தபோது அம்மையார் போய்ப் பார்த்தார். நாம் ஏற்றிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஓகேசியையும், தாம் இன்னும் காணாத அவர் மனைவியையும் குழந்தையையும் வந்து பார்க்கலாமா என்று கேட்டு எழுதினார். வரவேண்டாம் என்று பதில் எழுதினார் ஓகேசி. பின்பு இருவரும் சந்திக்கவே இல்லை. அந்தப் பதிலை எழுதியதற்காகப் பிற்காலத்தில் ஓகேசி வருந்தினார்.

1932 மே 22ஆம் நாள் இரவு, கூல் மாளிகையில் தம் 80ஆம் வயதில் அம்மையார் காலமானார். குளிர்காலம் முழுவதும் பக்கத்தில் இருந்த யேட்ஸ் அன்று டப்ளின் சென்றிருந்தார்; மறுநாள்தான் வந்து சேர்ந்தார். 'வெள்ளிக் கோப்பை' 1935இல் அபே மேடையில் ஏறியது. மாளிகையை 1941இல் இடித்துவிட்டார்கள். பீச் மரம் இருக்கிறது. அடிமரம் பருக்கப் பருக்க, செதுக்கிய எழுத்துகளும் அகன்றுகொண்டே போகின்றனவாம். யாரும் தொடாதபடி சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள்.

என் நோட்டை மறுபடி எடுத்தேன். அதில் ஒரு பாட்டி வருகிறாள். இரண்டே இடத்தில் பேசுகிறாள். மற்றவர்கள் எல்லாரும் கொள்கை பேசுகிறார்கள். இந்த விடுமுறையில் அந்தப் பாட்டியை மூன்றாம் காட்சியிலும் உட்கார வைத்துப் பார்க்கப் போகிறேன்.